மூக்கும் மூணு இஞ்சு பைப்பும்

தரங்கம்பாடி கரையில் காயாரோகணத்தின் மூக்குக்கு ஒரு மரியாதை இருந்தது. ஆளுக்கு இருந்ததா என்பது வேறு விஷயம். கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ளவன், சட்டென்று கோபப்படுவான். ஆனால் மூக்கைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. படகு கரையேறி, மீன் கூடைகள் இறங்கி, சிங்காரவேலு ஏலம் போட ஆரம்பித்தால், காயாரோகணம் குனிந்து ஒரு மீனை எடுப்பான். செவுளைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பான். தலையை ஆட்டினான் என்றால் மற்றவர்களும் அந்தக் கூடைக்கு விலை கேட்பார்கள். முகத்தைச் சுளித்தால் கூடை கிடக்கும்.

எடுத்த மீனை ஐஸ் போட்டுத் தன் மினி லாரியில் ஏற்றி, மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோவது அவன் தொழில். அங்கே மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு புங்கமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் காத்திருப்பார்கள். பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் விற்பார்கள். அவர்களில் மூத்தவள் எல்லையம்மாள். பிறந்தது தரங்கம்பாடி, வாக்கப்பட்டு வந்தது தஞ்சாவூர். காயாரோகணத்தைவிட ஆறு வயது பெரியவள். ஒரே ஊர் என்பதால் அவனுக்கு அவள் அக்கா, அவளுக்கு அவன் தம்பி. முப்பது வருடமாக ஒரே தெருக்களில் மீன் விற்கிறவள். அவள் போனால்தான் சில வீடுகளில் அன்றைக்குக் குழம்பு. அந்தப் பெண்கள் யாரும் காயாரோகணத்தின் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்கியதில்லை. அவன் மோந்து எடுத்த மீன் என்றால் போதும், இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அந்த மூக்கு போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகப்போகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது.

கொரோனாவின் இரண்டாவது அலையில் போனது அது. பதினைந்து நாள் காய்ச்சல். பிழைத்தது பெரிய காரியம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு சங்கரா மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாள் மனைவி. வாயில் வைத்தால் புளிப்பு தெரிகிறது, உப்பு தெரிகிறது, மீன் என்று ஒன்று தெரியவில்லை. ஊதுவத்தியை முகத்தில் பிடித்துப் பார்த்தான். பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தான். கடைசியில் கரையோரம் அழுகின மீனைக் கொட்டும் இடத்தில் போய் நின்றான். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற இடத்தில் அவனுக்கு வெறும் காற்றுதான் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

"சிலருக்கு ஆறு மாசத்துல திரும்ப வந்துரும். சிலருக்குக் கொஞ்சம் நாளாகும்" என்றார் டாக்டர். ஆறு மாதம் பார்த்தான், ஒரு வருடம் பார்த்தான். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மீன் எடுக்கிறவனுக்கு வாடை தெரியாது என்று ஊருக்குத் தெரிந்தால் அதற்கப்புறம் அவன் யார்?

ஆகவே நடித்தான். செவுளைத் தூக்குவான், மூச்சை இழுப்பான், தலையை ஆட்டுவான். உண்மையில் பார்த்ததெல்லாம் கண்ணும் விரலும்தான். மீனின் கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, அழுத்தினால் சதை எழும்புகிறதா. தன் கண்ணெதிரே கரையேறிய படகின் மீனைத் தவிர வேறு எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டான். எடுத்ததை வெயில் ஏறுமுன் தஞ்சாவூரில் இறக்கிவிட்டால் கெட்டுப்போக நேரமே இருக்காது என்று ஒரு கணக்கு. போன மூக்குக்குப் பதிலாகக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கில்தான் வண்டி மண்ணைப் போட்டது. ஏழு வருடத்து டர்போ டீசல் வண்டி. உப்புக்காற்றிலேயே நின்று வளர்ந்தது. போன மாசி மாதம் இழுவை மெல்ல மெல்லக் குறைந்தது. இந்தச் சீமையில் மேடு என்று சொல்ல ரயில்வே மேம்பாலத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? அதிலேயே திணறி, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, இரண்டாவது கியரில் ஏறியது. பொறையாற்றுக்காரன் ராஜ்குமார் புது வண்டியில் மீன் ஏற்றிக்கொண்டு தினமும் ஆடுதுறைக்குப் பக்கத்தில் கையை ஆட்டியபடி தாண்டிப் போனான். எட்டரைக்கு இறங்க வேண்டிய மீன் ஒன்பதே காலுக்கு இறங்கியது. காயாரோகணத்துக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று.

மயிலாடுதுறையில் பாசித் என்று ஒரு சைலன்சர் மெக்கானிக். கைசுத்தமான ஆள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான்.

"டர்போ நல்லாத்தான்ணே இருக்கு. உள்ள இழுக்குற காத்து வெளிய போவலை. சைலன்சருக்குள்ள இருக்குற தகடெல்லாம் துருப்புடிச்சு இத்து விழுந்து அடைச்சுக்கிட்டிருக்கு. எஞ்சினு மூச்சு விடறதுக்கு எடமில்ல."

"என்ன செய்யலாம் பாய்?"

"இதே மாதிரி கம்பெனி சைலன்சர் மாத்தலாம். இல்லன்னா டர்போவுலேருந்தே பெரிய பைப்பாப் போட்டு, நேரா ஊதுற சைலன்சரா வச்சுரலாம். இப்ப இருக்குறது ரெண்டு இஞ்சு. மூணு இஞ்சு போட்டா வண்டி பறக்கும். சத்தம் கொஞ்சம் கூடும். புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டரை மட்டும் எடுக்க மாட்டேன், புகை டெஸ்ட்டுல நின்னுரும்."

"மூணு இஞ்சே போடு. ஆனா வாயைப் பின்னாடி கொண்டுபோய் விடு."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பழைய பைப் இடது பக்கம், பின் சக்கரத்துக்கு முன்னால் வாயை நீட்டிக்கொண்டிருந்தது. மாசியில் சம்பா அறுவடை. களமும் சாலையும் ஒன்றுதான், பாதி ரோட்டில் நெல் காயும். இந்த வண்டி ஓரமாக ஒதுங்கினால் புகை நேராக நெல்மேல்தான் அடிக்கும். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி நெல் தள்ளும் பலகையோடு நடு ரோட்டில் வந்து நின்று, "கொள்முதல்ல கறுத்த நெல்லுன்னு தள்ளிட்டான்னா நீயா வந்து எடுத்துக்குவ?" என்று கேட்ட கேள்வி காயாரோகணத்துக்கு இன்னும் காதில் இருந்தது.

பாசித் யோசித்தான். "பின்னாடின்னா கதவு வரைக்கும் போவணும்ணே. கூண்டு வண்டிக்குப் பின்னாடி காத்து சுழட்டிக்கிட்டு வரும். சைடுலயே விட்டு, கீழ பாத்தாப்புல வளைச்சு ஒரு பெண்டு வச்சுத் தர்றேனே?"

"நெல்லுக்காரன்கிட்ட நீயா பேச்சு வாங்குற? பின்னாடியே விடு."

பின்னாடியே விட்டான். மீன் கூண்டின் தரை பின்பக்கம் சரிவாக இருக்கும். ஐஸ் உருகின தண்ணீர் வழிந்து வந்து, கதவோரம் ஓர் ஓட்டை வழியாகக் கீழே சொட்டும். ஓட்டையில் ஒரு சின்ன ரப்பர் குழாய் தொங்கும். புதுப் பைப்பின் வாய் அந்தக் குழாய்க்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. பாசித்தும் பார்த்தான், காயாரோகணமும் பார்த்தான். பளபளவென்று இருந்த வெல்டிங்தான் இருவர் கண்ணுக்கும் தெரிந்தது.

வேலை முடிந்தால் வண்டிக்காரரை உட்கார வைத்து ஒரு ரவுண்டு அடித்துவிட்டு, பாசித் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பான். "புகை வாடை ஏதும் உள்ள வருதாண்ணே? நாளெல்லாம் புகையில நிக்கிறவன், எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும். இப்பச் சொன்னா இப்பவே சரிபண்ணிரலாம்."

காயாரோகணம் கரையில் செய்கிற மாதிரியே நன்றாக ஒரு மூச்சு இழுத்தான். "ஒண்ணும் வரலை பாய்."

பொய் என்று சொல்ல முடியாது. அவனுக்கு ஒன்றும் வரவில்லைதான்.

அடுத்த நாலு நாள் அவன் இருந்த இருப்பைப் பார்த்திருக்க வேண்டும். மேம்பாலத்தில் நாலாவது கியரில் ஏறினான். கறுப்புப் புகை நின்றது. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு கனத்த சத்தம், அதைக் கேட்கவே அவனுக்குப் பெருமை. ஆடுதுறையில் ராஜ்குமாரைத் தாண்டும்போது கையை வெளியே நீட்டி ஆட்டினான். எட்டு இருபதுக்குப் புங்கமரத்தடி. இவ்வளவு சீக்கிரம் வந்த மீனில் எவன் என்ன குற்றம் சொல்லிவிட முடியும்? நாலு வருடத்தில் முதல் முறையாக மனசு லேசாக இருந்தது.

ஐந்தாம் நாள் எல்லையம்மாள் பெட்டியை வாங்காமல் நின்றாள்.

"தம்பி, நேத்து வஞ்சிரத்துல டீசல் வாடை அடிக்குதுன்னு வாத்தியார் வீட்டம்மா திருப்பிக் குடுத்துட்டாங்க. நானும் மோந்து பாத்தேன். லேசா அடிக்கத்தான் செய்யுது."

காயாரோகணம் சிரித்தான். "ரோட்டுல வந்த மீனுல ரோஜாப்பூ வாடையாக்கா அடிக்கும்?"

மறுநாள் மூன்று பேர் அதையே சொன்னார்கள். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனைக் குழப்பியது. ஒரே வண்டி, ஒரே ஐஸ், அதெப்படி மூன்று பேர் மீனில் மட்டும் வாடை? ராஜ்குமார் ஆள் வைத்துக் கிளப்பிவிடுகிறான் என்று முடிவு கட்டினான். உள்ளதைச் சொன்னால், நல்ல மீனைக் கடைசியாக ஏற்றி, கதவோரம் வைத்து, முதலில் இறக்கி எல்லையம்மாளுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கொடுப்பது அவன் வழக்கம். ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்தது அந்தப் பெட்டிகள்தான்.

அன்றைக்கு ஒரு மீனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் தெளிவு, செவுள் சிவப்பு, சதை கெட்டி. ஒரு பழுதும் இல்லை. இன்னும் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி, அது தன்னால் முடியாது என்பது அவனுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிற யாரிடம் கொடுத்தாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். ஆனால் கேட்டால் தெரிந்துபோகுமே! பயம் வந்தால் அவனுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"பதிமூணு வருஷமா மீன் கொண்டாறேன். எனக்குத் தெரியாத வாடை ஒங்களுக்குத் தெரியுதா? வயசாயிருச்சுக்கா ஒனக்கு. ஒன் மூக்குலதான் கோளாறு" என்றான், அத்தனை பேர் முன்னாலும்.

எல்லையம்மாள் பெட்டியை எடுக்காமல் வெறுங்கையோடு போனாள்.

மறுநாள் அவளே முதல் ஆளாக வந்து நின்றாள். கையில் ஒரு டிபன் டப்பா. அவன் வண்டியை விட்டு இறங்கியதும் மூடியைத் திறந்து நீட்டினாள். உள்ளே ஒரு துண்டு வஞ்சிரம், பளபளவென்று.

"நீ குடுத்த மீனுதான், வாத்தியார் வீட்டுலேருந்து திரும்பி வந்தது. மோந்து பாத்துச் சொல்லு."

சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தான். டப்பாவை வாங்கி, முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு இழுத்தான்.

"முதல்தரமான மீனுக்கா. ஒரு வாடையும் இல்ல."

கண்ணைத் திறந்தபோது சுற்றி நின்ற பெண்களெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். இரண்டு பேர் பின்னால் நகர்ந்துவிட்டார்கள். எல்லையம்மாளின் வாய் திறந்தபடி இருந்தது.

"டீசல் ஊத்தி வச்சிருக்கேன் தம்பி" என்றாள் மெதுவாக. "டிராக்டர்காரன் வீட்டுல அரை டம்ளரு வாங்கி ஊத்தினேன். மூக்கைப் பொத்திக்கிட்டுத் தூக்கிப் போடுவ, அப்ப எங்க கஷ்டம் ஒனக்குப் புரியும்னு நெனச்சேன்."

காயாரோகணம் டப்பாவைப் பிடித்தபடியே நின்றான்.

"எவ்வளவு நாளா வாடை தெரியலை?" என்றாள் எல்லையம்மாள்.

"கொரோனா காய்ச்சல்லேருந்து."

அவள் ஏதோ நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள். "அப்ப, எம் மவ கல்யாணத்து மறுநாள் விருந்துக்குக் குடுத்தியே, எரநூறு பேருக்கு?"

"கண்ணால பாத்து எடுத்தேன்க்கா. நல்ல மீனுதான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் திட்டியிருந்தால் தேவலை. டப்பாவை வாங்கி மூடிக்கொண்டு போனாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். அன்றைக்கு ஒரு பெட்டியும் இறங்கவில்லை.

எஞ்சினை அணைக்கக்கூடத் தோன்றாமல் வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது. பைப்பிலிருந்து வந்த புகை நேராகப் போகாமல், ரப்பர் குழாயைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. கதவைத் திறந்து பார்த்தான். ஓட்டையைச் சுற்றித் தரையில் கை அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. இத்தனை நாளும் ஓட ஓட, வண்டி தன் புகையைத் தானே உள்ளே இழுத்து, அவன் பொறுக்கி எடுத்த மீனுக்கு ஊட்டியிருக்கிறது. எவ்வளவு வேகமாகப் போனானோ அவ்வளவு புகை.

முன்பக்கத்துப் பெட்டிகளை ஒரு ஓட்டல்காரர் மோந்து மோந்து பார்த்து எடுத்துக்கொண்டார். பின்பக்கத்துப் பெட்டிகளை வழியில் ஒரு தென்னந்தோப்பில் கெஞ்சி, குழி வெட்டிக் கொட்டினான்.

பாசித் குனிந்து பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டான். "ஓட்டையை நான் பாத்திருக்கணும்ணே, எந் தப்பு. ஆனா வாடை வருதான்னு அன்னிக்கே கேட்டேனே?"

"கேட்ட. எனக்கு வாடை தெரியாது பாய்" என்றான் காயாரோகணம். முதல் தடவையாகத் தானாகச் சொன்னான். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்களே, அப்படி ஒன்றும் குறையவில்லை.

பைப்பைப் பின் சக்கரத்துக்கு முன்னாலேயே வெட்டி, தரையைப் பார்த்து ஒரு பெண்டு வைத்து, ஓட்டைக்குத் தண்ணீர் மட்டும் வெளியே போகிற மாதிரி ரப்பர் மூடி போட்டான் பாசித். சரியாகிவிட்டதா என்று பார்க்க எதிர்த்த டீக்கடைக்காரரைக் கூண்டுக்குள் ஏற்றி ஒரு ரவுண்டு போனார்கள். அவர் இறங்கி, "மீன் கவிச்சிதான் அடிக்குது, புகை இல்ல" என்றார். காயாரோகணம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். "அதான் நாலு வருஷமா நான் எதை வச்சாலும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சாப்பிட்டீங்களா?" என்றாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் வண்டி எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் எல்லையம்மாள் போன் செய்தாள்.

"பைப்பைச் சரிபண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்க்கா."

"எந் தெருவுல மூணு நாளா எவளோ வந்து வித்துக்கிட்டுப் போறா. இப்புடியே விட்டா நானும் இல்ல, நீயும் இல்ல. நான் எங்க அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கேன். காலையில கரைக்கு வரேன். இனிமே மீன் எடுக்கிறது நான். நீ வண்டி ஓட்டு."

பதிமூன்று வருடம் எடுத்த மீன். "சரிக்கா" என்றான். வேறென்ன சொல்ல?

காலையில் படகுகள் வந்தன. சிங்காரவேலு முதல் கூடையை வழக்கம்போல் காயாரோகணத்தின் காலடிக்குத் தள்ளினார். பாறை மீன். பழக்க தோஷம், கை தானாகப் போய் ஒன்றை எடுத்துவிட்டது. கண் கண்ணாடியாக இருந்தது, செவுள் சிவப்பு, சதை கெட்டி. முதல்தரம் என்று மனசு சொன்னது. எல்லையம்மாள் அவன் கையிலிருந்து அதை வாங்கினாள்.

"அக்காகிட்ட கேளுங்க மாமா" என்றான் அவன். "எனக்கு மூக்கு போயி நாலு வருஷமாச்சு."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். எல்லையம்மாள் செவுளைத் தூக்கி மோந்தாள். இன்னொன்றை எடுத்து மோந்தாள். இரண்டையும் கூடையில் போட்டாள்.

"இது இன்னிக்கு மீனு இல்ல."

"இப்பத்தானேக்கா படகு வந்துச்சு? எங் கண்ணால பாத்தேன்."

"படகு இன்னிக்கு வந்துச்சு தம்பி. இந்த மீனு நேத்து வந்தது. ஐஸ்ல வச்சுக் கலந்திருக்கு."

சிங்காரவேலு சண்டைக்கு வருவார் என்று காயாரோகணம் எதிர்பார்த்தான். அவரோ கூடையை இழுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தள்ளினார். அவன் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

அந்தக் கூடையை அவன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பான். 'இந்த மாதிரிக் கூடை எனக்கு எத்தனை தள்ளியிருக்கீங்க மாமா?' என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. கேட்கவில்லை.